அப்பா பெயருக்கு வந்த கடிதம்

ஐயா,

நீ பசியாறியிருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். எனக்கு முழங்கால் வலி முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது, கூடவில்லை. காலையில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போகிறேன், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மழை பிடித்துக்கொண்டதால் செம்பனைக் காட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. உன் அப்பா ஓட்டிய லோரியை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். கோயில் திருப்பத்தில் அவரைப் போலவே நீளமாக ஹாரன் அடிக்கிறார். முதல் சில நாள் அது கேட்டதும் நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். அந்தத் திருப்பத்தில் எந்த டிரைவராக இருந்தாலும் அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் நீ கடைக்குப் போன் போட்டபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை. கடைக்காரர் பக்கத்தில் நின்று அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் போனுக்கு வேறு ஆட்கள் நின்றார்கள். கலும்பாங் பெண் வீட்டார் நாள் பார்த்துவிட்டார்கள், தை மாதத்தில் கல்யாணம் என்று சொன்னாய். சந்தோஷம். அப்பாவின் வருடத் திதியும் முடிந்துவிட்டது, இனி வைக்கலாம். அப்புறம் அழைப்பைப் பற்றிச் சொன்னாய். அட்டையைப் பிரஸ்ஸில் அடித்துக்கொள்ளலாம், உள்ளே வைக்கிற கடிதத்தை ஆப்பீஸ் கம்ப்யூட்டர் மெஷினில் எடுத்துவிடலாம் என்றாய். "பேரெல்லாம் பழைய டிஸ்க்கிலயே இருக்கும்மா. லெட்டர மட்டும் மாத்தினாப் போதும், ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிரும்" என்றாய். நான் "ம்" என்றேன். சம்மதித்து அப்படிச் சொல்லவில்லை, கடையில் நின்று வேறென்ன சொல்வது? அந்தப் பழைய டிஸ்க்கை நம்பி நீ கல்யாணத்துக்கு அழைத்தால், அப்பாவின் ஒரே அக்கா, உன் ஜெராம் ஊர் அத்தை வரமாட்டார். அவர் வராமல் உன் கல்யாணம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவள். மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். ஆனால் நான் அதை நேரில் பார்த்திருக்கிறேன். தீமிதித் திருவிழாவுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும் என்று கோயில் கமிட்டி சொன்ன வருடம், நீதான் உன் ஃபேக்டரி ஆப்பீஸில் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை உபயோகிக்க அனுமதி வாங்கினாய். நானும் அப்பாவும் பஸ் ஏறி ரவாங்குக்கு வந்தோம். தோட்டத்தைவிட்டுப் போனவர்களின் முகவரிகளைக் கமிட்டி சேர்த்துக் கொடுத்திருந்தது. எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் உபயம் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை, அப்பா வாயில்தான் இருந்தது. அதனால் அவரைக் கூட்டிவரச் சொன்னாய். சக்கரம் வைத்த நாற்காலியில் அவர் உட்காரமாட்டேன் என்றுவிட்டார். "உருளுற நாற்காலியில உக்காந்தா நெனப்பும் உருண்டுபோயிரும்லா" என்று நின்றுகொண்டே சொன்னார்.

மெஷினுக்கு இரண்டு வாய் இருந்தது. டிஸ்க் என்று கறுப்பாக, சதுரமாக இரண்டு தட்டுகளை எடுத்து ஒவ்வொரு வாயிலும் ஒன்றைச் செருகினாய். எனக்காக நிதானமாக விளக்கினாய். ஒரு தட்டில் கடிதம். அதில் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, குழி மட்டும். தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஒரு குழி, உபய நாளுக்கு ஒரு குழி. இன்னொரு தட்டில் கடிதமே இல்லை, ஒரு குடும்பத்துக்கு ஒரு வரியாகப் பெயரும் லயமும் ஊரும் நாளும் மட்டும். மெஷின் முதல் வரியை எடுத்து அந்தந்தக் குழியில் போட்டு ஒரு பக்கம் அடித்துத் தள்ளும். பிறகு அடுத்த வரி, அடுத்த பக்கம். கடிதத்தில் ஒரு வார்த்தையை மாற்றினால் எல்லார் பக்கத்திலும் அது மாறிவிடும், தனித்தனியாக எழுத வேண்டாம். நான் கேட்டுவிட்டு, "அச்சு முறுக்கு மாதிரி" என்றேன். நீ சிரித்தாய். "அதேதாம்மா. ஆனா இதுல ஒவ்வொரு முறுக்குலயும் திங்கப்போறவங்க பேரு இருக்கும்" என்றாய். இந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும் என்றும் சொன்னாய். அது எனக்குப் படிக்க வராது. எப்படியும் நமக்குத் தெரிந்த சமாசாரம்தானே என்று விட்டுவிட்டேன்.

அப்பா பெயர்களைச் சொன்ன விதம் உனக்கு மறந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு மேல்வரிசை லயத்தில் நடக்கிற மாதிரிச் சொன்னார்.

"மொத வீடு. கறிவேப்பிலை. மூணாம் நாளு."

"கறிவேப்பிலையா? ஐசி கார்டுல என்னா பேருப்பா?"

"அவன் ஐசிய நான் எங்கடா பார்த்தேன். அவன் வாசல்ல கறிவேப்பிலை மரம் நிக்கிது."

"மரம் பேருக்கு லெட்டர் போட முடியாதுப்பா."

"ஏன், மரத்துக்கிட்டக் குடுத்தாலே அவங்கிட்டப் போய்ச் சேர்ந்துருமே."

கமிட்டி கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, யார் அந்தக் கறிவேப்பிலை என்று நீ ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்தாய். நம் வீடு வந்ததும் அவர் நிறுத்தவில்லை, தன் பெயரையும் சொன்னார். அழைக்கிற கமிட்டியில் அவரே ஓர் ஆள், அவருக்கு எதற்கு என்று நீ கேட்டாய். "அனுப்புறவனுக்குக் கடுதாசி வரக்கூடாதுன்னு சட்டமா? எனக்கு இதுவரைக்கும் யாருடா கடுதாசி போட்டிருக்கா? போடு" என்றார். நீயும் போட்டாய். கடைசியாக ஜெராம் அக்காவைச் சொன்னார். அக்காவை எல்லாருக்கும் மேலே வைக்கச் சொன்னார். மெஷின் எழுத்து வரிசைப்படி தானாகவே அடுக்கிவிடும் என்று நீ சொன்னதும் அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. "அப்ப அதுக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாதா?" என்றார். "தெரியாதுப்பா, எல்லாரும் ஒரு வரிதான்" என்றாய். நீ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு எங்களை டீ குடிக்கக் கூட்டிப்போனாய். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த ஆளில்லாத அறையில் மெஷின் கரகரவென்று தானாக அடித்துக்கொண்டிருந்தது. காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்து கிடந்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட பட்டையைக் கிழிக்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.

அந்த அழைப்பு நல்ல வேலை செய்தது, அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. தோட்டத்தைவிட்டுப் போன எத்தனையோ பேர் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பெயர் போட்டு, நாள் போட்டு, வீடு தேடி வந்த கடிதம் என்பதால் வந்தோம் என்றார்கள். அப்பாவுக்கும் அவருடைய பக்கம் வந்தது. தோட்டத்து ஆப்பீஸில் தபாலை வாங்கி வைக்கிற கிராணி கூப்பிட்டு, "என்னா அண்ணே, ஒங்க திருவிழாவுக்கு ஒங்களையே கூப்புட்டிருக்காங்க, போவீங்களா?" என்று கேட்டாராம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கடிதத்தை அவர் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துவைக்கும்போது நான் எடுத்து வைப்பேன், காய்ந்ததும் அவர் திரும்ப வைத்துக்கொள்வார்.

உன் அப்பா இன்னொரு வேலையும் செய்துவந்தார். அதை நீ சின்ன வயதில் கவனித்திருக்கமாட்டாய். தோட்டத்தில் யாராவது செத்தால் உறவுக்காரர்களுக்குக் கேதம் சொல்ல அவரைத்தான் அனுப்புவார்கள், மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்ததால் மட்டுமல்ல. ஒருமுறை என் சித்தப்பா செத்தபோது நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். முதல் வீட்டில் நேராகச் சொன்னார், ஏனென்றால் அங்கே எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு, குடித்து, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார். புக்கிட் பெலிம்பிங்கில் சித்தப்பாவின் மகள் பிள்ளைத்தாய்ச்சி. அவளிடம் சொல்லவே இல்லை. அவள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒன் மாமனாருக்கு ஒடம்பு மோசமா இருக்குன்னு சொல்லி வண்டியில கூட்டிட்டு வா, வழியில சொல்லு" என்றார். வீடு திரும்பும்போது, எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொன்னால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று கேட்டேன். "செத்தவன் ஒருத்தன்தான். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் வேற ஆளுல்ல செத்திருக்கான்" என்றார். அங்கே அண்ணன், இங்கே அப்பா, இன்னொரு வீட்டில் கடன் வாங்கிய கூட்டாளி என்று அதை எனக்கு விளக்கவும் செய்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போன அன்று காலையில் நடந்தது உனக்குத் தெரியும். லோரியில் ஏற ஒரு காலை வைத்தவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். பழம் ஏற்றுகிற ஆட்கள் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தார்கள். நீ ரவாங்கிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே ஜெராம் அத்தை வந்துவிட்டார். அத்தை வீட்டு மாமா தான் ஓட்டுகிற ஐஸ் லோரியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்திருந்தார், வாசலில் ஐஸ் உருகித் தண்ணீர் ஓடியது. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்தவர் எடுக்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் கலைந்ததும், பதினாறாம் நாள் காரியத்துக்கு யாருக்கெல்லாம் சொல்வது என்று பேச்சு வந்தது. நீ வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "மெஷின்ல போட்டுடுறேம்மா, எல்லாப் பேரும் இருக்கு" என்றாய். எனக்கு அப்போது எதைக் கேட்டாலும் தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் கிராணி தானே நடந்து வீட்டுக்கு வந்தார். வழக்கமாகக் கடிதத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறவர். உறையை என் கையில் கொடுத்துவிட்டு, "இத ஆப்பீஸ்ல வச்சிருக்க மனசு வரலம்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். உறைமேல் அப்பா பெயர். இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது என்றேனே, அந்த ஒரு பெயர் மட்டும் எனக்கு வரும். எத்தனை சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். பிரித்தேன். உள்ளே பக்கத்தின் மேலே அந்தப் பெயர் இருந்தது. நடுவிலும் அதே பெயர் இருந்தது. மேலே இருக்கிற பெயர் யாருக்கு வந்த கடிதம் என்பதற்கு, நடுவில் இருக்கிற பெயர் யார் செத்தது என்பதற்கு. நீ எனக்கு மெஷினை விளக்கியிருந்ததால் யாரிடமும் கேட்காமலே புரிந்துகொண்டேன். அவர் வரி அந்தத் தட்டில் இருந்தது, மெஷின் அதையும் எடுத்துக் குழியில் போட்டுவிட்டது. நீ வழக்கம்போலப் பட்டனைத் தட்டிவிட்டு எங்கேயோ போயிருப்பாய். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பையில் திருவிழாக் கடிதம் இருந்தது. இதையும் அதோடு வைத்தேன்.

பதினாறாம் நாள் அத்தை வரவில்லை. மாமா மட்டும் வந்தார். உன் தலையில் எண்ணெய் வைக்க வேண்டியவர்கள் வரிசையில் அத்தையின் இடம் காலியாக இருந்தது. அப்பா வழியில் அவர் ஒருவர்தான், வேறு ஆள் கிடையாது. மாமா என்னிடம் குனிந்துகொண்டே சொன்னார்: "பேப்பர் வந்துச்சும்மா. புள்ள படிச்சுக் காட்டினா. 'எங்கள் தந்தையார் காலமாகிவிட்டார் என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்'னு போட்டிருக்கு. அதக் கேட்டதும் ஒன் அண்ணி ஒக்காந்துட்டா. தலமாட்டுல கெடந்து அழுத எனக்கு எந்தம்பி செத்தத இவன் தெரிவிக்கிறானான்னு கேக்குறா. நான் என்னா சொல்ல?" நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், ஈரத் தலையோடு. முகம் கறுத்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பா பெயருக்கு வந்ததையும் உன்னிடம் சொன்னேன். ரவாங் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போன் போட்டாய். "எடுத்துட்டேம்மா. அப்பா பேர டிஸ்க்கிலேருந்து எடுத்துட்டேன். இனிமே வராது" என்றாய். நீ நல்லதாக நினைத்துத்தான் செய்தாய். ஆனாலும் ஜெராமுக்கு மட்டும் நீ போகவில்லை. போவாய் போவாய் என்று ஒரு வருடம் பார்த்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டாய். நாள் போகப் போக உன் வெட்கமும் அவர் கோபமும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுபோலவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

இப்போது கல்யாணம். மணவறையில் உன் பக்கத்தில் பெற்றவர்கள் நிற்க வேண்டும். அப்பா இல்லை. நான் நிற்கக்கூடாது என்பார்கள். நீ அதற்குச் சண்டை போடுவாய் என்று தெரியும். போடாதே. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன், என் முழங்காலுக்கும் அதுதான் வசதி. ஆனால் அந்த இடத்தில் அத்தையும் மாமாவும் நிற்க வேண்டும். அவர்கள் கால் கழுவித்தான் நீ மணையில் உட்கார வேண்டும், அவர்கள் தொட்டுக் கொடுத்துத்தான் தாலியை வாங்க வேண்டும். அத்தை வராவிட்டால் அப்பாவின் ரத்தம் என்று ஒருவர்கூட இல்லாத மணவறையில் நீ உட்கார்ந்திருப்பாய். அதை என்னால் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் உனக்குச் சொல்லாமல் நேற்று ஜெராமுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே மீன் வாடை. அத்தை பின்பக்கம் குழாயடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வா புள்ள. தபால்காரன் லீவா? நீயே வந்திருக்க."

"நான் வந்தா ஆகாதா அண்ணி?"

"ஆகும் ஆகும். கையில பேப்பர் இருந்தா அங்கயே வச்சிரு. படிக்கிறதுக்கு இப்ப வீட்டுல ஆளு இல்ல."

நான் குந்த முடியாமல் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். தை மாதம் கல்யாணம் என்றேன். தெரியும், கலும்பாங் பக்கத்துச் சனம் சொன்னார்கள் என்றார். அதிலும் ஒரு குத்தல் இருந்தது, நாம் சொல்லித் தெரியவில்லை என்று. கொஞ்ச நேரம் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அதுக்கும் அந்த மெஷினுதானா?"

"ஆமா அண்ணி."

"எந்தம்பி பேரு இன்னும் அதுல இருக்கா?"

"எடுத்துட்டான்."

கத்தி நின்றது. "எடுத்துட்டானா? அப்ப மொதப் பத்திரிக யாருக்கு வைப்பீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுல செத்தவங்களுக்குத்தானே மொதல்ல வச்சுக் கும்புடணும். அவன் பேரே இல்லாத பேப்பரத் தூக்கி அவன் படத்துக்கு முன்னாடி வைப்பீங்களா?"

ஏன் எடுத்தான் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுவரைக்கும் அது அவருக்குத் தெரியாது. கிராணி நடந்து வந்தது, மேலே ஒரு பெயர், நடுவில் அதே பெயர், சட்டைப் பை எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு வந்துச்சுங்குற?"

"அவருக்குத்தான்."

"அவன் செத்துட்டான்னு அவனுக்கா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மீன் கையோடு வாயைப் பொத்தினார். "அடப் பாவி. அவன் உசுரோட இருந்து அது வந்திருந்தா, யோசிச்சுச் சொல்றேன்னுருப்பான்" என்றார். கிராணியிடம் அப்பா சொன்ன பதிலை அத்தைக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, அப்பாவே சொல்லியிருப்பார். நானும் சிரித்தேன். அப்பா போன பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு. சிரித்துக்கொண்டிருந்தபோதே அத்தைக்கு அது அழுகையாக மாறிவிட்டது. நான் பக்கத்தில் போகவில்லை. அவரே குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"எனக்கு மட்டுந்தான் அப்படி வந்துச்சுன்னு இருந்தேன் புள்ள. கடைக்காரனுக்கும் வேலை வாங்குற மண்டோருக்கும் அனுப்புன பேப்பர எனக்கும் அனுப்பிட்டாங்கன்னு. அவனுக்கும் அதே பேப்பர்தானா. அப்பச் சரி. அவனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு."

பிறகு மீனைப் பொரித்துச் சோறு போட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தான் வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று சொன்னார். அதைக் கீழே எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்வது வழக்கம். அப்பா இருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீ எப்போது போன் போட்டாலும், "ஒடம்பப் பார்த்துக்கம்மா, ஒண்ணுக்கும் கவலப்படாத" என்று சொல்லிப் போனை வைக்கிறாய். அது நல்ல பேச்சுதான். ஆனால் நீ வைப்பதற்கு முன்பே கடைக்காரர் என்னைப் பார்த்து அதை வாயசைத்துக் காட்டுகிறார், அவருக்கு அவ்வளவு பழகிவிட்டது. நீ கட்டப்போகிற பெண்ணிடம் அப்படி ஒரு பேச்சைத் தயாராக வைத்துக்கொள்ளாதே. அவள் காய்ச்சலில் கிடந்தால் ஒரு விதமாகச் சொல், உன்மேல் கோபமாக இருந்தால் வேறு விதமாகச் சொல். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடி. உன் அப்பா என்னிடம் பாசமாகப் பேசியதாக நினைவில்லை. ஆனால் எனக்குச் சொன்னதை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மெஷினை விடச் சொல்லவில்லை. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற சனத்துக்கு நாம் இருவர் நடந்து போய்ச் சொல்ல முடியாது. பெயர் போட்ட கடிதம் போனால் வருவார்கள், தீமிதிக்குப் பார்த்தோமே. ஆனால் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதே. பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பக்கமும் வெளியே வரும்போது மேலே இருக்கிற பெயரைப் படி. படித்ததும் அவர் யார், நமக்கு என்ன உறவு என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார், பிறகு உறையில் போடு. ஒரு சாயங்காலத்தில் முடியாவிட்டால் இரண்டு சாயங்காலம் ஆகட்டும்.

பெயர்த் தட்டில் மட்டும் இரண்டு காரியம் செய். ஒன்று, அப்பா வரியைத் திரும்பப் போடு. பெயர், லயம், வீட்டு நம்பர் எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருக்கட்டும். அவர் பெயர் போட்ட பக்கத்தை நீ கையில் கொண்டுவராதே, தபாலில் சேர்த்துவிடு. கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், இந்தத் தடவை அவர் பயப்பட வேண்டாம். அது வந்ததும் விளக்கேற்றிப் படத்துக்கு முன்னால் வைக்கிறேன், பிறகு சட்டைப் பையில் மற்ற இரண்டோடு வைத்துவிடுகிறேன். அவருக்குக் கடிதம் வருவது பிடிக்கும்.

இன்னொன்று, ஜெராம் அத்தை வரியை எடுத்துவிடு. அவர் கேட்டது அது ஒன்றுதான். "எனக்குப் பேப்பர் வேணாம், அவன் வரட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போ. வெற்றிலை பாக்கோடு போ, கேக் வாங்கிக்கொண்டு போகாதே. போனதும் கல்யாணத்தைப் பற்றிப் பேசாதே. முதலில் குடிக்கத் தண்ணீர் கேள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்.

அம்மா